விரும்பி ஏற்ற வில்லங்கம்

தமிழகத்தில் நிலம் வாங்க நினைப்பவர் விலை பேசி முடிக்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுக் கொடுப்பதும், அடமானமோ ஜப்தியோ பாகத் தகராறோ ஒட்டாத சொத்து என்று தெரிந்த பிறகே முன்பணத்தில் கை வைப்பதும் ஊரறிந்த நடைமுறை. வில்லங்கம் என்ற சொல்லே இங்கே குறையைத்தான் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் பல்லாயிரம் உடைமையாளர்கள் தம் சொந்த நிலத்தின் மேல் தாமே முன்வந்து, பெரும்பாலும் என்றென்றைக்கும் நீங்காத ஒரு வில்லங்கத்தை எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிக் கட்டுண்ட நிலம் இன்று 3 கோடி ஏக்கருக்கும் மேல். பாதுகாப்பு வசதியுரிமை என்று தமிழில் சொல்லத்தக்க இந்தப் பத்திரத்தின்படி நிலம் உடையவரிடமே இருக்கும். அவர் உழலாம், மாடு மேய்க்கலாம், குடியிருக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மனைகளாகப் பிரிப்பது, புதுக் கட்டடம் எழுப்புவது, சுரங்கம் தோண்டுவது போன்ற உரிமைகளை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கிறார்; அவருக்குப் பின் அந்த நிலத்துக்கு யார் வந்தாலும் அந்த விடுப்பு அவர்களையும் கட்டும்.

இதன் அமைப்பைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் பத்திர மரபே வழி காட்டுகிறது. பழைய கிரயப் பத்திரங்களில் விற்பவர் வெறும் மண்ணை மட்டும் எழுதிக்கொடுப்பதில்லை. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு வகை அனுபவங்களை, அதாவது புதையல், புதைத்துவைத்த பொருள், நீர், கல், இப்போது உள்ள பலன், இனி வரக்கூடிய பலன், கைகூடிய பயன், முயன்றால் கைகூடக்கூடிய பயன் ஆகியவற்றை, அஷ்டபோகம் என்று பெயர் சொல்லியே கொடுத்தார்கள். உடைமை என்பது பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு என்ற தெளிவு அந்த வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இதையே குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டாக உருவகித்துக் கற்பிக்கிறார்கள். பாதுகாப்பு வசதியுரிமை அந்தக் கட்டிலிருந்து சாத்தியம் என்னும் குச்சியை, இன்னும் எழும்பாத வீடுகளையும் இன்னும் பிரியாத மனைகளையும் பற்றிய உரிமையை, உருவி எடுத்து ஓர் அறநிறுவனத்திடமோ அரசிடமோ ஒப்படைக்கிறது. வாங்கிக்கொண்டவரும் அதைக் கொண்டு எதுவும் கட்ட முடியாது. பிறர் கட்டாமல் தடுக்கும் அதிகாரம் ஒன்றே அவருக்கு உண்டு. உரிமையைப் பெறுபவர் காவல்காரர் மட்டுமே என்பது இதன் தனித்தன்மை. இதன் வரலாறு முழுவதும் நல்ல காவல்காரரைத் தேடிய வரலாறாகவே நடந்திருக்கிறது.

வசதியுரிமை, வக்கீல்களின் பேச்சில் ஈஸ்மெண்ட், மிகப் பழைய சட்டக் கருத்து. அடுத்தவர் வயல் வழியாக வண்டி ஓட்டிப் போகும் மாமூல் பாதை, மேட்டு நிலத்தைக் கடந்து பள்ளத்து நிலத்துக்கு வரும் வாய்க்கால் நீர், பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்காமல் சன்னலுக்கு வரவேண்டிய வெளிச்சம் ஆகியவை இதன் வழக்கமான உதாரணங்கள். இவை எல்லாவற்றிலும் இரண்டு நிலங்கள் இருக்கின்றன: ஒன்று பயனடைகிறது, மற்றொன்று இடம் கொடுக்கிறது. ஆங்கிலப் பொதுச் சட்டம் இந்த இரட்டையை விடாப்பிடியாக வற்புறுத்தியது. நிலத்தின் மேல் தலைமுறை தாண்டும் தளையைப் போட வேண்டுமானால், அந்தத் தளையால் பயன் பெறும் இன்னொரு நிலம் அருகில் இருந்தாக வேண்டும் என்று அது கருதியது. செத்துப்போனவர்களின் விருப்பங்கள் உயிரோடிருப்பவர்களின் நிலத்தை வீணே முடக்கக்கூடாது என்னும் நியாயமான கவலை அதன் பின்னே இருந்தது. ஆனால் ஒரு காட்டையோ ஆற்றங்கரையையோ காப்பதால் பயனடைவது பக்கத்து வயல் அன்று, ஊரும் நாடும் பறவைகளும். அந்தப் பயனாளிக்குச் சர்வே எண் கிடையாது. அதனால் பழைய சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அந்தக் கண்ணைச் சற்றே திறந்தது லண்டன் நகரின் ஒரு தோட்டம். லெஸ்டர் சதுக்கத்தில் வீடுகள் வைத்திருந்த சார்லஸ் துல்க் என்பவர் 1808இல் சதுக்கத்தின் நடுவிலிருந்த தோட்டத்தை விற்றபோது, வாங்குபவரும் அவர் வாரிசுகளும் அதைக் கட்டடம் ஏதுமில்லாத திறந்தவெளித் தோட்டமாகவே பேண வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். தோட்டம் பல கைகள் மாறி மாக்சே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அப்படி ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும். அவர் கட்டடம் எழுப்பத் துணிந்தபோது வழக்கு எழுந்தது. தெரிந்தே வாங்கியவர் தெரியாதவர்போல நடக்க முடியாது என்று 1848இல் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். கட்டுப்பாட்டால் குறைந்திருந்த விலையில் வாங்கி, கட்டுப்பாட்டை உதறிவிட்டு, முழு விலைக்கு விற்பது நேர்மையாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் உட்பொருள். இன்றும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் சொத்துச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது.

சட்டப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. தோட்டத்தின் கதை அங்கே முடியவில்லை. தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டுகளில், 1851இல், ஜேம்ஸ் வைல்ட் என்ற நிலப்பட வணிகர் துல்க் குடும்பத்தாரோடு பேசி இசைவு பெற்று, அதே தோட்டத்தின் நடுவில் 60 அடி விட்டமுள்ள மாபெரும் பூகோள உருண்டை ஒன்றையும் அதை மூடும் கட்டடத்தையும் எழுப்பினார். மக்கள் கட்டணம் கொடுத்து உள்ளே போய், உருண்டையின் உட்புறச் சுவரில் வடித்திருந்த கண்டங்களையும் கடல்களையும் படிக்கட்டு ஏறிப் பார்த்தார்கள். 1862 வரை அது அங்கேயே நின்றது. அது அகன்றபின் தோட்டம் பாழடைந்து கிடந்தது. 1874இல் ஆல்பர்ட் கிரான்ட் என்ற நிதி வணிகர் அதை வாங்கிச் சீர்செய்து பொதுமக்களுக்கு அளித்த பிறகே அதற்கு நிலையான வாழ்வு கிடைத்தது. நிபந்தனையை எழுதி வாங்கியவரின் குடும்பமே மனம் மாறினால் நிபந்தனையைக் காப்பவர் யார் என்ற கேள்விக்கு 1848ஆம் ஆண்டுத் தீர்ப்பில் விடை இல்லை. பின்னாளில் அமெரிக்காவில் எழுந்த சிக்கல்களில் பாதி இந்தத் தோட்டத்திலேயே முளைவிட்டுவிட்டன என்று சொல்வது மிகையாகாது.

தீர்ப்பின் எல்லையையும் காலம் காட்டியது. 1914இல், சாலைக்காக விடப்பட்ட இடத்தில் கட்டடம் கூடாது என்று எழுதி வாங்கியிருந்த லண்டன் மாவட்ட மன்றத்தின் வழக்கு தோற்றது. மன்றத்துக்கு அருகில் சொந்த நிலம் இல்லை என்பதே காரணம். இந்த மரபு தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. பயன்பெறும் நிலம் இல்லாமல் வசதியுரிமை இல்லை என்பதே அதன் இலக்கணமும். அதே ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் லெஸ்டர் சதுக்கத் தீர்ப்பின் சாரம் குடியேறியிருக்கிறது. குளக்கரையில் ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லாத ஓர் அறநிலையம், ஒரு விவசாயியின் குளத்தைத் தூர்க்காதபடி என்றென்றைக்கும் வசதியுரிமை பெற அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அமெரிக்காவில் நிலப் பாதுகாப்புக்கென்றே அமைப்பு கண்டவர்களில் முதல்வர் சார்லஸ் எலியட் என்ற நிலவனப்புக் கலைஞர். நியூயார்க் மையப் பூங்காவை உருவாக்கிய பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட்டிடம் தொழில் பயின்ற அவர், பாஸ்டன் நகரம் வீங்கிப் பரவும் வேகத்தில் அதைச் சுற்றியிருந்த காடுகளும் குன்றுகளும் மறைவதைக் கண்டு, 1890இல் ஓர் இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார். நூலகம் நூல்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் மக்களுக்காக வைத்துக் காப்பதுபோல, அழகிய நிலத்துண்டுகளை வரியில்லாமல் வைத்துக் காக்க ஓர் அறங்காவலர் குழு வேண்டும் என்பது அதன் சுருக்கம். மறு ஆண்டே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அப்படி ஒரு குழுவுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. உலகின் முதல் நில அறக்கட்டளை என்று மதிக்கப்படும் அது இன்றும் இயங்குகிறது. இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை 1895இல் தோன்றியபோது இதை முன்மாதிரியாகக் கொண்டது. எலியட் 1897இல், 37 வயதில், மூளைக்காய்ச்சலில் மறைந்தார். அவர் குழு நிலத்தை முழுதாகப் பெற்றுக் காத்ததே தவிர, உரிமைகளில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தை அங்கே இன்னும் முறைப்படவில்லை. முழு நிலத்தை வாங்கப் பணம் வேண்டும், வாங்கிய நிலத்தைப் பராமரிக்க ஆள் வேண்டும், வரி வருமானத்தை இழக்க ஊராட்சி இசைய வேண்டும். இந்த மூன்று தடைகளும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நில அறக்கட்டளைகளின் கையைக் கட்டிவைத்தன.

உரிமையைப் பிரித்து வாங்கும் முறையைப் பெரிய அளவில் சோதித்தது மத்திய அரசு. 1930களில் புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மேலும், மிசிசிப்பி, டென்னசி மாநிலங்களின் வழியாகச் செல்லும் பழைய நாட்செஸ் தடத்தின் மேலும் எழிற்சாலைகள் அமைத்தபோது, தேசியப் பூங்காத் துறை சாலையின் இருபுறத்து வயல்களை முழுதாக வாங்காமல், விளம்பரப் பலகை நடுவதையும் மரம் வெட்டுவதையும் கடை கட்டுவதையும் தடுக்கும் காட்சி வசதியுரிமையை மட்டும் விலைக்கு வாங்கியது. பயணம் செய்பவரின் கண்ணுக்கு உரிய உரிமை என்பதால் அந்தப் பெயர். எண்ணம் நல்லது, நடப்பு கசந்தது. பணம் வாங்கிய விவசாயிக்கே தாம் எதை விற்றோம் என்பது முழுதாக விளங்கவில்லை. அவர் நிலத்தை வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு பத்திரம் இருப்பதே தெரியவில்லை. விறகுக்கு மரம் வெட்டியவர் மீது வழக்குத் தொடுக்க வேண்டிய நிலைக்கு அரசு தள்ளப்பட்டது. துறை இந்த முறையில் நம்பிக்கை இழந்து, நிலத்தை முழுதாக வாங்குவதே மேல் என்று திரும்பியது. பத்திரத்தில் எழுதுவது எளிது. எழுதியதை ஆண்டுதோறும் ஒருவர் நேரில் போய் நினைவூட்டாவிட்டால் எழுத்து மங்கிவிடும் என்ற பாடத்தை இந்தச் சாலையோர விவசாயிகள் முதலில் கற்பித்தார்கள்.

கைவிடப்பட இருந்த இந்தக் கருத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர் சட்டம் படித்தவர் அல்லர், பத்திரிகையாளர். பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் பிறந்த வில்லியம் வைட், பெருநிறுவன ஊழியர்களின் மனப்போக்கை ஆராய்ந்த நூலால் 1956இல் புகழ்பெற்றவர். போருக்குப் பின் புறநகர் வீட்டுவரிசைகள் தாம் வளர்ந்த பிராண்டிவைன் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி நெருங்கி வருவதைக் கண்ட அவர், 1959இல் நகர நிலக் கழகத்துக்காக எழுதிய ஒரு சிறு வெளியீட்டில், நிலத்தை வாங்காமலே திறந்தவெளியைக் காக்கும் வழியை விளக்கி, அதற்குப் பாதுகாப்பு வசதியுரிமை என்ற பெயரையும் பரவச் செய்தார். காட்சிக்கு மட்டும் என்றிருந்த உரிமையை நீர்ப்பிடிப்பு, வெள்ளத் தடுப்பு, வேளாண்மை, உயிரினங்கள் என எல்லாவற்றுக்கும் விரித்தது அந்தச் சொல்மாற்றம். அதே ஆண்டு கலிபோர்னியா இதற்கு இடம் தரும் சட்டத்தை இயற்றியது. வைட்டின் சொந்தப் பள்ளத்தாக்கில் 1960களில் வல்லுநர்கள் வகுத்த பெருந்திட்டத்தை உள்ளூர் மக்களே, அரசு நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் என்ற அச்சத்தால், நிராகரித்துவிட்டார்கள். 1967இல் அதே பள்ளத்தாக்கில் தோன்றிய ஓர் உள்ளூர்ப் பாதுகாப்பு அமைப்பு அண்டைவீட்டுக்காரராகப் போய்ப் பேசித் தானமாகவே வசதியுரிமைகளைப் பெற்றது. 1984இல் ஒரே மாட்டுப்பண்ணை நிலத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் அது காத்தது. மேலிருந்து வந்த திட்டத்துக்குக் கதவடைத்த ஊர், பக்கத்திலிருந்து வந்த வேண்டுகோளுக்குக் கதவைத் திறந்தது என்பது இந்த வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

அண்டைவீட்டுக்காரர்களின் ஒப்புதல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குப் பொட்டோமாக் ஆற்றின் மேரிலாந்துக் கரையே சான்று. எதிர்க்கரையில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்து மறைந்த மவுண்ட் வெர்னன் மாளிகை இருக்கிறது. 1853இல் தோன்றிய பெண்கள் சங்கம் ஒன்று அதை விலைக்கு வாங்கிக் காத்துவருகிறது. மாளிகையின் நெடிய தூண்தாழ்வாரத்தில் நிற்பவருக்குத் தெரிவது அகன்ற ஆறும், அதற்கப்பால் வாஷிங்டன் பார்த்த அதே மரச்செறிவும்தான். தாழ்வாரம் சங்கத்துக்குச் சொந்தம்; கண்ணில் படும் காட்சியோ வேறொரு மாநிலத்தில், வேறு பலரின் பட்டா நிலத்தில். 1950களின் நடுவில் அந்தக் கரையில் எண்ணெய்த் தொட்டிகளை நிறுவவும், பின்னர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் முயற்சிகள் எழுந்தன. சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவரும் ஒகையோ மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரான்செஸ் பெய்ன் போல்ட்டன், கரையிலிருந்த ஏறத்தாழ 500 ஏக்கர் பண்ணையைத் தம் பணத்தில் வாங்கி, 1957இல் அக்கோகீக் அறக்கட்டளையை அமைத்தார். நிலம் முழுவதையும் அப்படி வாங்கிவிட ஒருவராலும் முடியாது. அங்கே ஏற்கெனவே ஒரு நற்பேறு இருந்தது: 1920கள் முதல் அந்தப் பகுதியில் பண்ணை வைத்திருந்த பெர்குசன் தம்பதி, காட்டைக் குலைக்காமல் வாழ ஒப்பும் நண்பர்களுக்கே நிபந்தனையோடு மனைகளை விற்றிருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் மரங்களை வெட்டவும் மனையைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கவும் தமக்கிருந்த உரிமையை மத்திய அரசுக்கு விலையின்றி எழுதிக்கொடுக்க முன்வந்தன. 1961 அக்டோபரில் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தால் பிஸ்கடவே பூங்கா உருவானது. கரையோரக் கீற்று அரசு நிலம். அதன் பின்னே மேட்டில், மரங்களுக்குள் மறைந்து, வசதியுரிமை கொடுத்த குடும்பங்களின் வீடுகள். எதிர்க்கரையில் நிற்பவருக்கு அந்த வீடுகள் தெரிவதில்லை. தம் வீட்டு வாசலில் ஆற்றைப் பார்க்க மரத்தை வெட்டாமல், யாரோ ஒரு பயணி அக்கரையிலிருந்து மரத்தைப் பார்க்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவர்களை இந்த வரலாறு போதிய அளவு போற்றவில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில் வடக்கே டகோட்டா சமவெளிகளில் வாத்துகளுக்காக வேறொரு வகை வசதியுரிமை பரவியது. பனிப்பாறைகள் உருகி விட்டுப்போன ஆயிரக்கணக்கான சிறு குட்டைகளே வட அமெரிக்க வாத்தினங்களின் முதன்மையான ஈனிலம்; கோதுமை விதைக்க விவசாயிகள் அவற்றை வடித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய வாத்து முத்திரைச் சட்டம் 1934இல் வந்தது; 1958இல் செய்த திருத்தம், அந்த முத்திரைப் பணத்தைக் கொண்டு குட்டைகளின் மேல் உரிமை வாங்க மத்திய அரசுக்கு வழிவிட்டது. வடிக்கக்கூடாது, தூர்க்கக்கூடாது, கொளுத்தக்கூடாது, மேடு தட்டிச் சமன்செய்யக்கூடாது என்ற நான்கு விலக்குகள் மட்டுமே பத்திரத்தின் உயிர். கோடையில் குட்டை தானாகவே வற்றினால் விவசாயி அதில் உழுது விதைத்துக்கொள்ளலாம். வடக்கு டகோட்டா அரசு இதற்குக் குறுக்கே சட்டங்கள் இயற்றிப் பார்த்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த மாநிலச் சட்டம் இன்றும் வசதியுரிமைக்கு 99 ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது; என்றென்றைக்கும் என்ற சொல்லுக்கு எதிரான பழைய பொதுச் சட்ட அச்சம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

தனியார் தானங்கள் பெருகக் காரணம் வரிச்சட்டம். மொண்டானாவில் மத்திய நெடுஞ்சாலையோரம் காட்சி வசதியுரிமை கொடுத்தவர்கள் அதை நன்கொடையாகக் கணக்குக் காட்டலாம் என்று 1964இல் வருவாய்த் துறை விளக்கம் அளித்தது. கணக்கு எளியது. ஒரு பண்ணை மனைப்பிரிவாக விற்றால் 10 லட்சம் டாலர் பெறும், பண்ணையாகவே இருக்க வேண்டுமானால் 4 லட்சம் பெறும் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், விட்டுக்கொடுத்த 6 லட்சம் தானத்தின் மதிப்பு. அதை வருமானத்திலிருந்து கழித்து வரி கட்டலாம். 1976இல் நாடாளுமன்றம் இதைச் சட்டத்திலேயே எழுதியது. 1980இல் நிலையாக்கி, என்றென்றைக்கும் கொடுத்தால் மட்டுமே சலுகை என்று வரையறுத்தது. மறு ஆண்டு, மாநிலங்களின் சட்டங்களை ஒருப்படுத்தும் ஆணையர் மாநாடு மாதிரிச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. அருகில் நிலம் இல்லை, இன்னொருவருக்கு மாற்றப்பட்டது, பழைய சட்டம் அறியாத வகை என்று பொதுச் சட்டம் சொல்லிவந்த குறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றில் எதைக் காட்டியும் வசதியுரிமையைச் செல்லாததாக்க முடியாது என்று அது அறிவித்தது. லெஸ்டர் சதுக்கத்தில் தொடங்கிய முடிச்சு அந்த ஒரு பிரிவில் அவிழ்ந்தது.

வசதியுரிமையின் பயனைக் கண்கூடாகக் காட்டும் இடம் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தின் மேற்குப் பகுதி. கடற்காற்றும் மூடுபனியும் புல்லை நெடுநாள் பசுமையாக வைத்திருக்கும் அந்தக் குன்றுகளில் தலைமுறைகளாகப் பால்பண்ணைகள் உண்டு. பெருநகரமோ பாலம் கடந்தால் எட்டிவிடும் தொலைவு. நாஜிகளுக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து பால்பண்ணைக்காரராகிவிட்ட எல்லன் ஸ்ட்ராஸும் தாவரவியல் அறிஞர் பில்லிஸ் பேபரும் 1980இல் இணைந்து வேளாண் நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். விளைநிலத்துக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் அறக்கட்டளை அது. சூழலியலாளரைக் கண்டால் பண்ணைக்காரர் வாயில் கதவைச் சாத்திய காலம் அது என்பதால், இந்த இருவரின் நட்புக்கே ஒரு வரலாற்று மதிப்பு உண்டு. இங்கே உரிமையைத் தானமாகக் கேட்பதைவிட விலைக்கு வாங்குவதே வழக்கமானது. மனை விலையின் ஒரு பகுதியைக் கையில் பெற்ற பண்ணைக்காரர், பாகம் கேட்கும் உடன்பிறந்தவரின் பங்கைக் கொடுத்துத் தீர்க்கவும், கடனை அடைக்கவும், பால் கறக்கும் கொட்டகையைப் புதுப்பிக்கவும் முடிந்தது. வயலை விற்காமலே வயலின் விலை கிடைத்தது. 50,000 ஏக்கருக்கு மேல் இன்று அங்கே காக்கப்பட்டிருக்கிறது. செல்வந்தர் ஒருவர் பண்ணையை வாங்கி, மாடுகளை விற்றுவிட்டு, பெரிய தோட்ட வீடாக வைத்துக்கொண்டாலும் பழைய பத்திரம் மீறப்பட்டதாகாது என்ற ஓட்டையைக் கண்ட அறக்கட்டளை, நிலத்தில் வேளாண்மை நடந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைப் பிற்காலப் பத்திரங்களில் சேர்த்தது.

வரிச்சலுகையின் மறுபக்கத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 2006இல் சலுகை பெருகிய பின், தரகர்கள் சிலர் மலிவான நிலத்தைக் கூட்டாக வாங்கி, அங்கே மாளிகைகளும் விடுதிகளும் எழும்பவிருந்ததாக மதிப்பீட்டைப் பன்மடங்கு ஊதி, சில மாதங்களுக்குள் வசதியுரிமை கொடுத்து, போட்ட பணத்தைவிட அதிகமான வரிக்கழிவைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக்கொடுத்தார்கள். வருவாய்த் துறை 2016 இறுதியில் எச்சரித்தது. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம், கூட்டு முதலீட்டாளரின் கழிவு அவர் போட்ட முதலின் இரண்டரை மடங்கைத் தாண்டினால் செல்லாது என்று வரம்பு விதித்தது. பிஸ்கடவேயில் விலை வாங்காமல் எழுதிக்கொடுத்த குடும்பங்களின் பத்திரமும் இந்தத் தரகர்களின் பத்திரமும் ஒரே சட்டப் பெயரைத் தாங்குகின்றன என்பதுதான் வேதனை.

காவல்காரர் தளர்ந்த கதைகளும் உண்டு. மேரிலாந்தில் 1975இல் ஒரு தேசிய அமைப்பு ஏற்ற வசதியுரிமையை, 1990களில் புது உடைமையாளர் மனை பிரிக்கும்படி தளர்த்த அந்த அமைப்பே முதலில் இசைந்தது. எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. 1998இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பொதுமக்கள் சார்பில் வழக்குத் தொடுத்து, அந்தப் பத்திரம் ஊருக்கான அறம் என்று வாதிட்டார். வயோமிங்கில் 1993இல் ஒரு மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஆயிரம் ஏக்கருக்கு மேலான வசதியுரிமையை, நிலத்தடியில் எரிவாயு எடுக்கும் வாய்ப்பு வந்தபோது, நிர்வாகமே 2002இல் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதை எதிர்த்த உள்ளூர்வாசிக்கு வழக்காடத் தகுதி இல்லை என்று 2007இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துல்க் குடும்பத்தார் பூகோள உருண்டைக்கு இசைந்ததன் அமெரிக்க வடிவம் இது.

இந்தத் தோல்விகளுக்குப் பின்னரே நில அறக்கட்டளைகள் காவலையே முதல் வேலையாகக் கொள்ளத் தொடங்கின. 2006இல் தரச்சான்று ஆணையம் ஒன்று அமைந்தது. வழக்குச் செலவுக்கென்று அறக்கட்டளைகளே கூடி நிறுவிய காப்பீட்டு நிறுவனம் 2013இல் செயல்படத் தொடங்கியது. பத்திரம் பதிவாகும் நாளிலேயே நிலத்தின் அடிநிலை ஆவணம் தயாராகிறது: எல்லைக் கற்கள், வேலி, கொட்டகைகள், ஓடை, காட்டின் விளிம்பு எல்லாம் வரைபடத்திலும், எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் எடுத்தது என்ற குறிப்போடு நிழற்படத்திலும் பதிவாகி, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அறக்கட்டளையின் ஊழியர் அந்த ஆவணக் கட்டை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போகிறார். படம் எடுத்த அதே இடங்களில் நின்று பழைய படத்தையும் எதிரே உள்ள நிலத்தையும் ஒப்பிடுகிறார். புதிதாய் ஒரு தடம், ஒரு கொட்டகை, வெட்டிய அடிமரம் தென்பட்டால் குறித்துக்கொள்கிறார். கையெழுத்திட்டவர் காலமாகி, அவர் பேரனோ நிலத்தைப் புதிதாக வாங்கியவரோ எதிரே வரும்போது, அவரோடு வேலியோரம் நடந்தபடியே, இந்த நிலத்தின் மேல் எழுதப்பட்டிருப்பது என்ன என்பதை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்.